இல்லைன்னு எழுதினாலும் ஆமான்னு எடுத்துக்குதுங்க! (வாசகர் கேள்வி பதில்)

இந்தத் தடவை கொங்குப் பக்கமிருந்து வந்த கேள்விகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். எழுதினவர்கள் ஆளுக்கொரு தொழில், ஆனால் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் ஒன்றுதான். சாதா டெக்ஸ்ட் கோப்பில் நட்சத்திரம் போட்டுத் தலைப்பு, இரண்டு நட்சத்திரம் போட்டுத் துணைத்தலைப்பு என்று குறிப்பு எழுதுகிறார்கள், அதைப் படிக்கத் தாங்களே ஒரு பார்சர் (எழுத்தைப் படித்துப் பிரித்துக் கொடுக்கிற புரோகிராம்) எழுதுகிறார்கள், அந்தப் பார்சர் 'ஆமா', 'இல்லை' வருகிற இடத்தில் காலை வாருகிறது. இந்த முறையில் பேர்போனது ஆர்க் மோட். ஈமாக்ஸ் எடிட்டருக்குள் ஓடுகிற குறிப்பேடு, 2003இல் கார்ஸ்டன் டொமினிக் என்கிற வானியலாளர் ஆரம்பித்தது. கோப்பு வெறும் எழுத்துதான், நோட்பேடில்கூடத் திறக்கலாம். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆர்டர் விவரத்தையெல்லாம் ஆர்க் மோட் பாணியில் எழுதிவைத்து, பைத்தானில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் போட்டுப் படிக்கிறேன். ஒவ்வொரு கலருக்குக் கீழேயும் லேப் டிப் (பையர் பார்த்து ஓகே சொல்கிற கலர் சாம்பிள்) ஓகே ஆச்சா என்று ஒரு வரி இருக்கும், ஆகவில்லை என்றால் 'நில்' (nil, இல்லை என்று அர்த்தம்) என்று போடுவேன். போன வாரம் பையர் ஓகே பண்ணாத ஒரு ஷேடு, சாயத்துக்கு அனுப்பலாம் என்கிற பட்டியலில் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, டையிங்காரர் சந்தேகப்பட்டு போன் பண்ணினார். கோப்பைத் திறந்து பார்த்தால் நில் என்றுதான் இருக்கிறது. அப்புறம் எப்படிங்க?
— மெர்ச்சண்டைசர் வாசகி, திருப்பூர்

பதில்: கோப்பில் நில் இருக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் ஸ்கிரிப்ட் கைக்கு வந்தது என், ஐ, எல் என்கிற மூன்று ஆங்கில எழுத்து, அவ்வளவுதான். பைத்தானில் ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துகளின் கோவை) காலியாக இல்லாவிட்டால் போதும், 'இஃப்' போட்டுக் கேட்கும்போது அது உண்மைக் கணக்கில் சேர்ந்துவிடும். மேற்கோள்குறிக்குள் நில் என்று இருந்தாலும், நோ என்று இருந்தாலும், ஃபால்ஸ் என்றே இருந்தாலும் பைத்தானுக்கு அது 'ஏதோ இருக்கிறது', ஆகவே உண்மை. உங்கள் கோப்பு இப்படித்தானே இருக்கிறது:

* நேவி ப்ளூ
:லேப்டிப்: நில்
* மெரூன்
:லேப்டிப்: ஓகே
* பாட்டில் கிரீன்

நேவி ப்ளூ, மெரூன் இரண்டுமே உங்கள் ஸ்கிரிப்டுக்கு ஒன்றுதான். மூன்றாவதாக இருக்கிற பாட்டில் கிரீனைப் பாருங்கள், அதில் லேப்டிப் வரியே இல்லை. அது மட்டும்தான் பொய்க் கணக்கில் போயிருக்கும், ஏனென்றால் டிக்‌ஷனரியில் தேடும்போது ஒன்றும் கிடைக்காமல் 'நன்' (None, ஒன்றுமில்லை) வந்திருக்கும். ஆக, பையர் வேண்டாம் என்று சொன்னது ஓகே ஆகிவிட்டது, இன்னும் பதிலே வராதது ரிஜெக்ட் ஆகிவிட்டது.

ஆர்க் மோடில் நில் என்று எழுதினால் சரியாக வேலை செய்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே புராப்பர்ட்டியை (லேப்டிப் மாதிரி தலைப்புக்குக் கீழே வருகிற வரியை) படிக்கிற ஃபங்ஷன் நில் என்ற எழுத்தைப் பார்த்தால் அதை, ஈமாக்ஸுக்குள் இருக்கிற லிஸ்ப் மொழியின் நிஜமான நில் ஆக மாற்றிக் கொடுக்கும்படி எழுதிவைத்திருக்கிறார்கள். கோப்புக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது, படிக்கிற புரோகிராம் செய்கிற உபகாரம் அது. நீங்கள் எழுத்தை மட்டும் அங்கேயிருந்து எடுத்துக்கொண்டு உபகாரத்தை எடுக்காமல் வந்துவிட்டீர்கள்.

இனி என்ன செய்யலாம்? முதலில் தோன்றுவது, பார்சரிலேயே நில், நோ என்று வருவதையெல்லாம் பிடித்து ஃபால்ஸ் ஆக்கிவிடலாம் என்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யாமல் என்கிற கோப்பு முறையின் 1.1 பதிப்பில் இதைத்தான் செய்தார்கள்: யெஸ், நோ, ஆன், ஆஃப் எல்லாவற்றையும் உண்மை, பொய் என்று எடுத்துக்கொள் என்றார்கள். விளைவு, நாடுகளின் இரண்டெழுத்துக் குறியீட்டில் நார்வேக்கு உரிய என்ஓ, நோ என்று படிக்கப்பட்டுப் பொய் ஆகிவிட்டது. 'நார்வே பிரச்சினை' என்றே இதற்குப் பேர் வந்துவிட்டது. 2009இல் வந்த 1.2 பதிப்பில் ட்ரூ, ஃபால்ஸ் மட்டும் போதும் என்று திருத்தினார்கள், ஆனாலும் பைத்தானில் நிறையப் பேர் பயன்படுத்துகிற பையாமல் லைப்ரரி இன்றும் 1.1 வழியில்தான் போகிறது. எக்ஸ்போர்ட் ஊரில் இருக்கிறீர்கள், ஷிப்மெண்ட் போகிற நாடு என்று ஒரு கலம் உங்கள் கோப்பில் இல்லாமலா இருக்கும்? கூடவே ஸ்டைல் நம்பர் 010 என்று இருந்தால் அதே லைப்ரரி அதை எண்ணடிமான (எட்டை அடியாகக் கொண்ட) எண் என்று எடுத்துக்கொண்டு 8 ஆக்கிக் கொடுக்கும். அப்புறம் அந்த ஸ்டைலைத் தேடிக்கொண்டு கட்டிங் செக்‌ஷன் வரைக்கும் நடக்கவேண்டியதுதான்.

ஆகவே பார்சர் எழுத்தை எழுத்தாகவே வைத்திருக்கட்டும். இது உண்மையா பொய்யா என்று முடிவு செய்யவேண்டியது கேள்வி கேட்கிற இடம், ஏனென்றால் லேப்டிப் என்பது ஆமா இல்லை விஷயம், நாடு என்பது அப்படி இல்லை என்று தெரிந்திருப்பது அந்த இடத்துக்குத்தான். பைத்தானோடு வருகிற கான்ஃபிக்பார்சர் இதற்கு நல்ல முன்மாதிரி. எல்லா மதிப்பையும் ஸ்ட்ரிங்காகவே வைத்திருக்கும். நீங்களாக 'கெட்பூலியன்' என்று கேட்டால் மட்டும் யெஸ், ஆன், ட்ரூ, 1 என்றால் உண்மை, நோ, ஆஃப், ஃபால்ஸ், 0 என்றால் பொய் என்று சொல்லும். வேறு ஏதாவது எழுதியிருந்தால் உத்தேசமாக ஒன்றைச் சொல்லாமல் பிழை என்று கத்தும். அந்தக் கத்தல் ரொம்ப முக்கியம். ஓகே என்பதை ஓகோ என்று அடித்துவிட்டால் எந்தக் கலர், எந்த வரி என்று ஸ்கிரிப்ட் நின்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் டையிங்காரர் போன்தான் உங்களுக்கு எர்ரர் மெசேஜ்.

அப்புறம் ட்ரூ, ஃபால்ஸ், நன் மூன்றையும் தனித்தனியாகவே திருப்பி அனுப்புங்கள். சாயத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு ஃபால்ஸும் நன்னும் ஒரே பதில்தான், அனுப்பக்கூடாது. ஆனால் காலையில் பையருக்கு மெயில் போடும்போது அவை வேறு வேறு வேலை. ரிஜெக்ட் ஆனதற்கு ஷேடு திருத்தி மறுபடி லேப் டிப் போடவேண்டும், பதிலே வராததற்கு ஞாபகப்படுத்தினால் போதும். 'இஃப் நாட்' என்று எழுதினால் பைத்தான் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும், அதனால் 'இஸ் ஃபால்ஸ்', 'இஸ் நன்' என்று வெளிப்படையாகவே கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். புராஜெக்ட்டுக்கு ஆர்க் கோப்பைப் படிக்கிற பார்சர் எழுதுகிறேன். செக்பாக்ஸ் வரும்போது எக்ஸ் போட்டிருந்தால் ட்ரூ, காலியாக இருந்தால் ஃபால்ஸ் என்று வைத்தேன். கைடு ஒரு மாதிரிக் கோப்பு கொடுத்தார், அதில் கட்டத்துக்குள் சின்னக் கோடு இருக்கிறது. அதை எதில் சேர்க்கிறதுங்க?
— மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: எதிலும் சேர்க்காதீர்கள் தம்பி. ஆர்க் மோடுக்குள்ளேயே ஆர்க் எலிமெண்ட் என்று ஒரு பார்சர் இருக்கிறது, நிகோலா குவாசூ எழுதியது. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் செக்பாக்ஸ் என்று ஒரு பண்பை அது வைத்திருக்கும். அதன் மதிப்பு நான்கில் ஒன்று: எக்ஸ் போட்டிருந்தால் 'ஆன்', காலிக் கட்டமாக இருந்தால் 'ஆஃப்', கோடு போட்டிருந்தால் 'டிரான்ஸ்', கட்டமே இல்லாத சாதா வரியாக இருந்தால் நில். செக்பாக்ஸ் என்றாலே ஆமா, இல்லை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்த நாலைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்குவார்கள், ஆனால் கோப்பில் நிஜமாகவே நாலு நிலைமை இருக்கிறது. கோடு போட்ட கட்டம் பெரும்பாலும் கையால் எழுதுவது இல்லை. தாய் வரிக்குக் கீழே சில பிள்ளை வரிகள் முடிந்து சில முடியாமல் இருந்தால் ஆர்க் மோடே தாய்க் கட்டத்தில் கோட்டைப் போட்டுவிடும்.

உங்களுக்கு வேலைக்கு ஆகிற விஷயம் ஒன்று. ஈமாக்ஸ் லிஸ்பில் நில் ஒன்றுதான் பொய், மற்ற எல்லாமே உண்மை. பூஜ்யம் உண்மை, காலி ஸ்ட்ரிங்கும் உண்மை. அப்படியானால் 'ஆஃப்' என்ற சிம்பலும் (லிஸ்பில் வெறும் பேராகவே இருக்கிற மதிப்பு) உண்மைதான். செக்பாக்ஸ் பண்பை எடுத்து நேராக 'இஃப்'பில் போட்டால், டிக் அடிக்காத வேலைகூட 'ஆமா' பக்கம் போய்விடும். நீங்கள் கேட்க நினைத்தது 'முடிந்ததா?' என்று, லிஸ்ப் பதில் சொன்னது 'கட்டம் இருக்கிறதா?' என்பதற்கு. ஆன் தானா என்று பேர் சொல்லி ஒப்பிட்டால்தான் சரிவரும். பைத்தானில் எழுதினாலும் எனம் (enum, பேர் வைத்த மதிப்புகளின் பட்டியல்) வைத்து நாலு பேர் கொடுத்துவிடுங்கள், ட்ரூ ஃபால்ஸ் வேண்டாம்.

தலைப்பு வரியில் வருகிற [2/5] மாதிரி எண்ணிக்கையையும் கைடு கேட்பார் என்று நினைக்கிறேன். அதில் கட்டம் உள்ள வரிகள் மட்டும்தான் கணக்கு, கட்டம் இல்லாதவை ஐந்திலும் சேராது இரண்டிலும் சேராது. கோடு போட்டது ஐந்தில் சேரும், இரண்டில் சேராது. நில்லையும் ஆஃபையும் ஒன்றாகப் போட்டிருந்தால் இந்த இடத்தில் கணக்கு உதைத்துவிடும்.

டூடூ (செய்யவேண்டியது), டன் (முடிந்தது) என்கிற தலைப்புச் சொற்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதை, ஆனால் ஒரு வித்தியாசம். கேன்சல்டு என்ற சொல்லையும் சாதாரணமாக டன் பக்கத்தில்தான் வரிசைப்படுத்துவார்கள். அதனால் பார்சரின் 'டூடூ டைப்' டன் என்று சொன்னால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இனி செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

கேள்வி: தென்னந்தோப்புக் கணக்கை ஆர்க் மோடில் வைத்திருக்கிறேன். மேல் தலைப்பில் சொட்டுநீர் 'டி' (t, உண்டு என்று அர்த்தம்) என்று போட்டு, வாய்க்கால் பாசனம் இருக்கிற ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் நில் என்று போட்டிருக்கிறேன். ஆர்க் மோட் சரியாகக் காட்டுகிறது. பையன் எழுதிக் கொடுத்த புரோகிராம் அந்தப் பகுதிக்கும் சொட்டுநீர் உண்டு என்கிறது. யார் சரிங்க?
— விவசாயி, பொள்ளாச்சி

பதில்: ஆர்க் மோடுதான் சரி. பையன் என்ன செய்திருப்பார் என்று இங்கேயிருந்தே சொல்லலாம். கீழ்த் தலைப்பில் நில் என்று பார்த்ததும் அதைப் பொய்யாக மாற்றிவிட்டார், அது வரை சரி. அடுத்த வரியில் 'இங்கே ஒன்றும் இல்லையென்றால் மேலே போய்ப் பார்' என்று எழுதியிருப்பார். பொய்யும் 'ஒன்றும் இல்லை'யும் அங்கே ஒரே மாதிரி தெரிந்ததால் புரோகிராம் மேலே ஏறிப்போய் 'டி'யைக் கொண்டுவந்துவிட்டது.

ஆர்க் மோடை எழுதியவர்களுக்கும் இதே சிக்கல் வந்திருக்கிறது. அதனால்தான் புராப்பர்ட்டி படிக்கிற ஃபங்ஷனில் 'லிட்டரல் நில்' என்று தனியாக ஒரு விருப்பம் வைத்தார்கள். அதைக் கொடுத்துக் கேட்டால் நில் என்ற எழுத்தை மாற்றாமல் எழுத்தாகவே தரும். மேலே இருந்து வாரிசாக வருகிற மதிப்பைக் கீழே உள்ள நில் தடுத்து நிறுத்தவேண்டுமென்றால், அந்த நில் 'எழுதியிருக்கிறது' என்பது மேலே ஏறி முடிக்கிற வரைக்கும் ஞாபகம் இருக்கவேண்டும். பையனிடம் சொல்லுங்கள்: முதலில் அந்தப் பேரில் வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மேலே ஏறட்டும், கிடைத்த எழுத்தை உண்மை பொய்யாக மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளட்டும். வரிசையை மாற்றினாலே போதும், வேறு ஒன்றும் தொடவேண்டாம்.

ஆர்க் மோட் பேரில் எனக்கும் ஒரு குறை உண்டு. நில்லை மட்டும் லிஸ்ப் நில் ஆக மாற்றிக் கொடுக்கிறது, 'டி'யை அந்த மாதிரி மாற்றாமல் ஸ்ட்ரிங்காகவே விட்டுவிடுகிறது. லிஸ்பில் எந்த ஸ்ட்ரிங்கும் உண்மைதான் என்பதால் ஓடிவிடுகிறது, வேறு மொழியில் திருப்பி எழுதும்போதுதான் இந்த அரைகுறை தெரியும். பொருளடக்கம் வேண்டுமா என்று கேட்கிற 'ஆப்ஷன்ஸ்' வரி இதற்கு நேர் எதிர். அங்கே எழுதியதை லிஸ்ப் ரீடரிடமே கொடுத்துவிடுகிறார்கள், ஆகவே டி என்றால் நிஜமான டி, நில் என்றால் நிஜமான நில், 2 என்றால் இரண்டாம் மட்டம் வரை என்று எண்ணாகவே போகும். அங்கே ஒருவர் நில்லுக்குப் பதிலாக நோ என்று எழுதினால் அது நோ என்கிற சிம்பல், நில் இல்லை, அதனால் பொருளடக்கம் ஜம்மென்று வந்து நிற்கும்.

கேள்வி: ஐயா, மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மூட்டை விவரக் கோப்பில் பாலிஷ் போட்டதா இல்லையா என்பதைத் தமிழிலேயே எழுதினால் புரோகிராம் ஏற்குமா? 'போட்டாச்சு' என்று எழுதினேன், சில வரியைப் பிடிக்கிறது, சிலதை விட்டுவிடுகிறது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது.
— வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாக எழுதலாம். எழுத்தைப் பட்டியலில் வைத்து ஒப்பிடுகிற வேலைக்கு ஆங்கிலம் தமிழ் பேதம் கிடையாது. விட்டுப்போகிறதற்குக் காரணம் 'போ' என்ற எழுத்து. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, ஒப்பிடும்போது வேறு. ஒகரம், ஔகாரத்துக்கும் இப்படித்தான். ஒரு கம்ப்யூட்டரில் அடித்தது, போனில் அடித்தது, எங்கிருந்தோ ஒட்டியது என்று கலந்திருக்கும். ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (NFC, இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்த்துவைப்பது) என்ற வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும், பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற மாட்யூல் அதைச் செய்யும். வரி முடிவில் ஒட்டியிருக்கிற இடைவெளியையும் தட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகளும் சில சமயம் ஒட்டிக்கொண்டு வரும், என்எஃப்சி அவற்றை நீக்காது, தனியாகத்தான் எடுக்கவேண்டும்.

இன்னொன்று, மண்டியில் நாலு பேர் கை வைக்கிற கோப்பு என்றால் ஒருத்தர் 'இல்லை', ஒருத்தர் 'இல்ல', இன்னொருத்தர் மரியாதையாக 'இல்லீங்க' என்று எழுதுவார்கள். எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள், அதற்கு முடிவே வராது. ஆமா பக்கம் ஒரு சொல், இல்லை பக்கம் ஒரு சொல், மற்றதற்குப் பிழை. விரலியா கிழங்கா என்பதையும் தயவுசெய்து 'விரலி: இல்லை' என்று எழுதாதீர்கள், 'வகை: கிழங்கு' என்றே எழுதுங்கள்.

கேள்வி: ஆர்க் கோப்பை ஈமாக்ஸிலிருந்து ஜேசனாக (JSON, புரோகிராம்கள் தகவல் பரிமாறுகிற எழுத்து முறை) மாற்றினால் ஃபால்ஸ் வரவேண்டிய இடத்தில் வேறு ஏதேதோ வருகிறது. ஏன்?
— வாசகர், கரூர்

பதில்: லிஸ்பில் பொய்க்கும் காலிப் பட்டியலுக்கும் ஒரே பொருள்தான், நில். ஜேசனிலோ ஃபால்ஸ், நல், காலிப் பட்டியல், காலி ஆப்ஜெக்ட் நாலும் வேறு வேறு. மாற்றுகிற ஃபங்ஷன் எதைத் தேர்ந்தெடுக்கும்? பழைய ஜேசன் என்கோட் 'நல்' என்று எழுதும். ஈமாக்ஸ் 27இல் வந்த ஜேசன் சீரியலைஸ் அதே நில்லைக் காலி ஆப்ஜெக்டாக, அதாவது {} என்று எழுதும். இரண்டிலும் ஃபால்ஸ் வராது. ஃபால்ஸ் வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள சிம்பலைக் கொடுக்கவேண்டும், முதலாவதில் அது 'ஜேசன் ஃபால்ஸ்', இரண்டாவதில் வெறும் 'ஃபால்ஸ்', இரண்டுக்கும் முன்னால் முக்காற்புள்ளி உண்டு. மொத்தக் கோப்பையும் ஒரே அடியாக மாற்றாமல், எந்தப் பண்பு ஆமா இல்லை வகை, எது பட்டியல் வகை என்று முதலில் ஒரு அட்டவணை எழுதிக்கொண்டு, நில் வருகிற ஒவ்வொரு இடத்திலும் அதைப் பார்த்து மாற்றுங்கள். டேக் இல்லாத தலைப்புக்குக் காலிப் பட்டியல் போகவேண்டும், ஆர்க்கைவ் ஆகாத தலைப்புக்கு ஃபால்ஸ் போகவேண்டும், ஷெட்யூல் தேதி இல்லாததற்கு நல். மூன்றும் லிஸ்ப் பக்கம் ஒரே நில்தான், அட்டவணை இல்லாமல் எந்த ஃபங்ஷனாலும் பிரித்துச் சொல்லமுடியாது.